சீட்டில் ‘செல்லுலைட்டிஸ்’: அம்மாவின் காலில் என்ன நடக்கிறது?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. கடலில் பாசி எடுக்கப் போகிறவர். ஆறு வருடமாகச் சுகர், மாத்திரை மட்டும்தான். போன சனிக்கிழமை பாசி எடுக்கும்போது வலது கால் பெருவிரலுக்குக் கீழே பாரில் (கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டில்) கிழித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை குளிர்காய்ச்சல். கணுக்காலிலிருந்து பாதிக் கெண்டைக்கால் வரை வீங்கி, தொட்டால் சுடுகிறது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு ஓ.பி. சீட்டில் ‘ஆர்.டி. எல்.எல். செல்லுலைட்டிஸ்’ என்று எழுதி, ஊசி போட்டு, 7 நாளைக்கு மாத்திரை கொடுத்தார். காலைச் சுற்றிப் பேனாவால் கோடும் போட்டார். போனில் தேடினால் பெண்களின் தொடைக் கொழுப்புப் படமாக வருகிறது. மருந்துக் கடையில் ‘தோல் அழற்சிதான்’ என்று ஒரு டியூப் கொடுத்தார்கள். அத்தையோ ‘இது அக்கி, எழுதினால் சரியாகிவிடும்’ என்கிறார். எதுதான் சரி? இது ஒட்டுமா? பேரப்பிள்ளை அம்மாவோடுதான் படுக்கிறான். யானைக்காலில் கொண்டுபோய் விடுமா? அம்மா எப்போது கடலுக்குப் போகலாம்?
– மண்டபம் வாசகி

பதில்: முதலில் அந்த டியூபை ஓரமாக வையுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். பேனாக் கோடு அழிந்தால் அதே இடத்தில் மறுபடி வரைந்துவிடுங்கள். இனி வார்த்தைக்கு வருவோம்.

‘ஆர்.டி.’ என்றால் வலது. ‘எல்.எல்.’ என்றால் கால், அதாவது இடுப்புக்குக் கீழே உள்ள அங்கம். மிச்சம் இருப்பது செல்லுலைட்டிஸ். ‘ஐட்டிஸ்’ என்ற வாலை நீங்கள் டான்சிலைட்டிஸ், அப்பெண்டிசைட்டிஸ் என்று கேட்டிருப்பீர்கள். ஓர் இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறது என்பதுதான் அதன் பொருள். முன்னால் வரும் சொல் எந்த இடம் என்று சொல்லும். இங்கே அந்த ‘செல்’ உயிரணு அல்ல. லத்தீனில் சிறு அறை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. தோலுக்கு அடியில் தளர்வாக, அறை அறையாகத் தெரியும் திசுவுக்குப் பழைய உடற்கூறு நூல்களில் ‘செல்லுலார் திசு’ என்று பெயர். அந்தப் பெயர்தான் நோயின் பெயரில் தங்கிவிட்டது. ‘உயிரணு அழற்சி’ என்று யாராவது தமிழாக்கினால் தப்பு. ‘தோலடித் திசுத் தொற்று’ என்றால் கிட்டத்தட்டப் பொருந்தும்.

கோழியின் தோலை உரிக்கும்போது பார்த்திருப்பீர்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவே மஞ்சளாகக் கொஞ்சம் கொழுப்பும், இழுத்தால் நூல் நூலாக வரும் வெள்ளைச் சவ்வும் இருக்கும். நமக்கும் அப்படித்தான். தோலின் அடிப்பாகத்திலும் அந்தக் கொழுப்பிலும் பாக்டீரியா புகுந்து பரவுவதுதான் செல்லுலைட்டிஸ். அது தளர்வான திசு, நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. அதனால் கட்டி மாதிரி ஓரிடத்தில் திரளாமல், மணலில் ஊற்றிய தண்ணீர் போலப் பக்கவாட்டில் பரவுகிறது. மேலே தடவும் களிம்பு அந்த ஆழத்துக்குப் போகாது. மாத்திரையோ ஊசியோ ரத்தம் வழியாகத்தான் போக வேண்டும்.

இதில் இன்னொன்று கவனியுங்கள். இந்தப் பெயர் இடத்தைத்தான் சொல்கிறது, கிருமியைச் சொல்லவில்லை. வீட்டு முற்றத்தில் கால் கீறிய ஒருவருக்கும், கடலுக்குள் பாரில் கிழித்த உங்கள் அம்மாவுக்கும் சீட்டில் ஒரே வார்த்தைதான் வரும். உள்ளே இருக்கும் கிருமி வேறாக இருக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

போனில் வந்த தொடைப் படம் ‘செல்லுலைட்’. வேர்ச்சொல் ஒன்றுதான், ஆனால் அது நோயே இல்லை. தோலடிக் கொழுப்பு மேடும் பள்ளமுமாகத் தெரிவதற்கு அழகு நிலையத்தார் பரப்பிய பெயர். கடைசியில் ‘டிஸ்’ விட்டுப்போனால் தேடல் அங்கேதான் கொண்டுபோகும்.

மருந்துக் கடையில் சொன்ன ‘தோல் அழற்சி’ என்பது டெர்மடைட்டிஸ். சிமெண்ட், சோப்பு, செருப்பு ரப்பர் ஒத்துக்கொள்ளாமல் வருவது, பரம்பரைக் கரப்பான் எல்லாம் அதில் சேர்த்தி. அதில் அரிப்புதான் முன்னால் நிற்கும். காய்ச்சலும் நெறியும் சாதாரணமாக இருக்காது. அதற்கு ஸ்டீராய்டு களிம்பு சரியான மருந்து. உங்களிடம் உள்ள டியூபில் பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டசால் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. தொற்றுள்ள காலில் அதைத் தடவினால் சிவப்பு ஒரு நாள் அடங்கினாற்போலத் தெரியும், கிருமியோ உள்ளே வேலையைத் தொடரும். கூடவே பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் கலந்திருக்கிறதே என்று கடைக்காரர் சொல்வார். கலந்திருந்தாலும் இந்தக் காலுக்கு அது வேண்டாம்.

அத்தை சொல்லும் அக்கி வேறு. சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பின் வேரில் தூங்கிக் கிடந்து, பல வருடம் கழித்து விழிப்பது அது. ஒரு நரம்பு போகும் பாதையில், உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டையாக, கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளம் வரும். கொப்புளம் வருவதற்கு முன்பே எரிச்சலும் குத்தலும் வந்துவிடும். உங்கள் அம்மாவுக்குக் கொப்புளம் இல்லை, வெட்டுக்காயம் இருக்கிறது, நெறி கட்டியிருக்கிறது. அக்கி இல்லை. எழுதினால் என்ன கெடுதல் என்று அத்தை கேட்பார். காவி பூசினால் அடியில் தோலின் நிறம் தெரியாது. இன்றைக்கு நமக்குத் தெரிய வேண்டியதே அந்த நிறமும் அதன் எல்லையும்தான். கோடு போட வேண்டும் என்பதில் அத்தைக்கும் டாக்டருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. டாக்டர் போட்ட கோடு மட்டும் இருக்கட்டும்.

அடுத்த முறை சீட்டில் வேறு சில வார்த்தைகளும் வரலாம். ‘எரிசிபெலஸ்’ என்றால் இதே தொற்று, தோலின் இன்னும் மேல்மட்டத்தில். ஓரம் தடித்து, தடவினால் கைக்குத் தெரியும். ‘ஆப்செஸ்’ என்றால் சீழ் திரண்ட கட்டி. அதற்குக் கீறி வெளியேற்றுவதுதான் முதல் வைத்தியம், மாத்திரை இரண்டாவது. ‘லிம்ஃபான்ஜைட்டிஸ்’ என்றால் காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுகிறது. உங்கள் அம்மாவின் தொடை இடுக்கு நெறி அந்த நிணநீர்ப் பாதையின் காவல்சாவடி, அது வீங்குவது எதிர்பார்த்ததே. ‘நெக்ரோடைசிங் ஃபேஸியைட்டிஸ்’ என்று வந்தால் மட்டும் வீட்டுக்குத் திரும்பும் பேச்சே கிடையாது. கொழுப்புக்கும் கீழே, தசையை மூடியிருக்கும் உறை அழுகுகிறது என்று அர்த்தம். சில மணி நேரத்துக்குள் அறுவை அறைக்குப் போக வேண்டியது அது. இரண்டு காலும் ஒரே மாதிரி சிவந்து வீங்கியிருந்தால் அது பெரும்பாலும் செல்லுலைட்டிஸே இல்லை. ரத்தநாளத் தேக்கம் போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

சரி, கடல். சாதாரணமாக இந்தத் தொற்றைத் தருவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ், அடுத்தபடியாக ஸ்டஃபைலோகாக்கஸ். ஓ.பி.யில் கொடுக்கும் மாத்திரை அவற்றைக் குறிவைத்துத்தான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமிக் குடும்பம் இருக்கிறது. காலராக் கிருமியின் பங்காளி. அதில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்பது காயத்தின் வழியே புகுந்தால், பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள்ளேயே, மளமளவென்று பரவும். ரத்தம் கலந்த கொப்புளம் எழும்பும், காய்ச்சல் ஏறும், ரத்த அழுத்தம் இறங்கும். கல்லீரல் கெட்டவர்கள், நாள்பட்டுக் குடிப்பவர்கள், சுகர் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். அதற்கு டாக்ஸிசைக்ளினும், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் வகை ஊசியும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். சாதாரண செல்லுலைட்டிஸ் மாத்திரையை மட்டும் நம்பி இருக்க முடியாது.

உங்கள் அம்மாவுக்கு மூன்றாம் நாள்தான் காய்ச்சல் வந்திருக்கிறது, கொப்புளம் இல்லை. அதனால் சாதாரணக் கிருமியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் டாக்டரிடம் ‘கால்ல கிழிச்சிருச்சு’ என்று மட்டும் சொன்னீர்களா, ‘கடல்ல, பார்ல கிழிச்சது’ என்று சொன்னீர்களா? ஓ.பி. வரிசையில் ஒரு நிமிடம்தான் கிடைக்கும். அந்த ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டியது: எந்தத் தண்ணீரில் அடிபட்டது, எது குத்தியது, என்றைக்கு எத்தனை மணிக்கு, சுகரோ கல்லீரல் கோளாறோ இருக்கிறதா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. சொல்லவில்லை என்றால் நாளைக் காலையிலேயே போய்ச் சொல்லுங்கள். டாக்டர் மருந்தை மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். அது காலைப் பார்த்து அவர் முடிவு செய்ய வேண்டியது. டாக்ஸிசைக்ளின் சேர்த்தால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். அந்த மாத்திரை எடுக்கும் நாட்களில் வெயில் சீக்கிரம் தோலைச் சுட்டுவிடும். கரையில் பாசி காயப்போடுவதையும் வேறு யாரிடமாவது விடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்று கேட்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. கண்மாயில், ஊருணியில் கால் கிழிந்தால் ஏரோமோனாஸ் என்ற நன்னீர்க் கிருமியை நினைக்க வேண்டும். மீனும் நண்டும் சுத்தம் செய்கிறவர்களுக்கு விரலில் குத்தி, ஊதா நிறத்தில், கடுமையான வலியோடு மெதுவாகப் பரவினால் அது எரிசிபெலாய்டு. பெயர்தான் பயமுறுத்தும், பென்சிலினுக்கு அடங்கிவிடும். குத்தி இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு முடிச்சு வந்து, அது ஆறாமல், கையின் நிணநீர்ப் பாதையோடு வரிசையாக இன்னும் இரண்டு முடிச்சு வந்தால் அது காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு. திசுப் பரிசோதனை செய்து, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். ‘ஆறாத புண்’ என்று ஆறு மாதம் களிம்பு தடவிக்கொண்டிருப்பது இதைத்தான்.

இப்போது அந்தக் கோடு. நம் நிறத்தில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில சமயம் வெறும் பளபளப்பாக மட்டும் தெரியும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் கையாலும் பாருங்கள். புறங்கையை நல்ல காலில் வைத்துவிட்டு, வீங்கிய காலில் மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்துங்கள். சூடும் விறைப்பும் எங்கே தொடங்குகிறதோ அதுதான் எல்லை. காலையும் மாலையும் இதைச் செய்து, எல்லை மாறியிருந்தால் பக்கத்தில் வேறு மையில் புதுக் கோடு போட்டு, தேதியும் மணியும் எழுதுங்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள். அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில்.

ஒரு விஷயத்தில் பலர் பயந்துவிடுகிறார்கள். மருந்து தொடங்கிய முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் சிவப்பு கோட்டைக் கொஞ்சம் தாண்டலாம். சாகும் கிருமி வெளிவிடும் நச்சால் அப்படி ஆகும். காய்ச்சல் இறங்கி, வலி குறைந்து, சாப்பிடத் தோன்றினால் மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 48 மணி நேரம் ஆன பிறகும் கோடு தாண்டிக்கொண்டே போனால், அல்லது காய்ச்சல் நிற்காவிட்டால், மாத்திரை முடியட்டும் என்று காத்திருக்காமல் திரும்பப் போங்கள். வீக்கமும் கருமையும் முழுதாக மறைய வாரங்கள் ஆகும். கடைசியில் மேல்தோல் உரியும். அது ஆறுவதன் அடையாளம்.

உடனே 108-ஐக் கூப்பிட வேண்டிய நிலை இது: வெளியே தெரிகிற சிவப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் அம்மா வலியில் துடிப்பது. முதலில் துடித்த இடம் பிறகு மரத்துப்போவது இன்னும் மோசம். தோல் சாம்பலாகவோ கருப்பாகவோ மாறுவது, ரத்தக் கொப்புளம், அழுத்தினால் உள்ளே நொறுநொறுவென்ற சத்தம், மணிக்கு மணி பரவுவது, பிதற்றல், மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல். இதில் ஒன்று இருந்தாலும் போதும். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். விடியட்டும் என்று பார்க்க வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியதில் மாத்திரைக்கு அடுத்தது காலை உயர்த்துவது. இதைச் சொன்னால் ஸ்டூலில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்கிறார்கள். அது போதாது. படுத்த நிலையில் குதிகால் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும். பாயில் படுப்பவர் என்றால் கெண்டைக்காலிலிருந்து பாதம் வரை தாங்கும்படி இரண்டு தலையணையோ மடித்த போர்வையோ வையுங்கள். குதிகால் மட்டும் முட்டி நிற்கக் கூடாது, சுகர் காலில் அங்கே புண் விழும். பகலில் முடிந்த நேரமெல்லாம் இப்படி. பாதத்தில் ரத்த ஓட்டம் குறைவு என்று முன்பே சொல்லியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மாத்திரையில் இடைவெளி முக்கியம். ‘6 மணி நேரத்துக்கு ஒரு தடவை’ என்று எழுதியதைக் காலை, மதியம், இரவு என்று மூன்றாகச் சுருக்கினால் நடுராத்திரியில் ரத்தத்தில் மருந்தே இருக்காது. மூன்றாம் நாள் நன்றாக இருக்கிறது என்று நிறுத்துவதும் அப்படித்தான். வலிக்குப் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக் ஊசி, கடையில் தரும் கலப்பு வலி மாத்திரை வேண்டாம். ஆபத்தின் முதல் அடையாளமான வலியை அது மறைத்துவிடும், சுகர்காரருக்குச் சிறுநீரகத்தையும் படுத்தும். தொற்று இருக்கும்போது சாப்பாடு குறைந்தாலும் சுகர் ஏறும். சாப்பிடவில்லையே என்று சுகர் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கேளுங்கள். வாந்தி இருந்தால் அன்றைக்கே கேளுங்கள்.

வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. நம் பக்கம் இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. கெளுத்தி, ஓரா, திருக்கை முள் குத்தியவுடன் வெந்நீரில் வைத்தால் வலி அடங்கும், அது உண்மை. அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும். 45 டிகிரிக்கு மேல் போகாமல், வேறொருவர் கை வைத்துப் பார்த்த சூட்டில், 30 முதல் 90 நிமிடம் வரை. அது குத்திய அன்றைக்கு. நாலாம் நாள் வீங்கிய காலுக்கு அது பொருந்தாது. சுகரால் மரத்த பாதம் வெந்து கொப்புளித்தாலும் அம்மாவுக்குத் தெரியாது. எண்ணெய் தேய்த்து நீவுவதும், இறுக்கக் கட்டுப் போடுவதும் அதே கணக்கில் சேரும்.

காயத்தைக் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் தினமும் கழுவி, ஒற்றி உலர்த்தி, சுத்தமான துணியால் மூடுங்கள். காபித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், மண்ணெண்ணெய் வேண்டாம். ஆறிக்கொண்டிருந்த காயம் திடீரென்று குத்தினால் பாரின் துணுக்கு உள்ளே இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டார்களா என்றும் சீட்டில் பாருங்கள்.

அப்படியே கால் விரல் இடுக்கையும் விரித்துப் பாருங்கள். வெளுத்து, ஊறி, வெடித்திருந்தால் அது சேற்றுப்புண். கிருமிக்கு அதைவிட வசதியான வாசல் இல்லை. பாரின் கீறல் ஆறினாலும் இந்த வாசல் திறந்திருந்தால் அடுத்த செல்லுலைட்டிஸ் வரும். நாள் முழுக்க ஈரத் துணி சுற்றிய விரலும், நனைந்த செருப்புக் காலும் ஊறத்தான் செய்யும். குளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பை, கழுவித் துடைத்த விரல் இடுக்கில் தினம் இரண்டு வேளை, புண் ஆறின பிறகும் சேர்த்து மொத்தம் 4 வாரம் தடவ வேண்டும். ஸ்டீராய்டு கலக்காத டியூபாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒட்டுமா என்றால், சாதாரணமாக ஒட்டாது. தோலுக்கு அடியில் இருக்கும் கிருமி தொட்டால் தாவாது. பேரன் பக்கத்தில் படுக்கட்டும், காலில் உதைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். காயத்தில் நீர் வடிந்தால் துண்டைத் தனியாக வைத்து, தொட்ட கையைக் கழுவுங்கள்.

யானைக்கால் கொசு கடித்து வரும் புழுவின் நோய். செல்லுலைட்டிஸ் அதைத் தராது. ஆனால் ஒவ்வொரு முறை தொற்று வரும்போதும் நிணநீர்க் குழாய் கொஞ்சம் சிதைகிறது. வீக்கம் தங்குகிறது. தங்கிய வீக்கத்தில் அடுத்த தொற்று எளிதாக நுழைகிறது. இந்தச் சுழற்சி பல முறை நடந்தால் கால் பார்வைக்கு யானைக்கால் மாதிரியே ஆகிவிடும். வருடத்தில் இரண்டு மூன்று தடவை திரும்பி வந்தால், நீண்ட நாள் பென்சிலின் கொடுத்துத் தடுக்கும் முறை இருக்கிறது, கேளுங்கள். இந்த முறை முதல் தடவைதான் என்பதால் அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

கடலுக்குப் போவது. காயம் முழுக்க மூடி, மேலே புதுத்தோல் வந்து, அழுத்தினால் ஈரம் கசியாமல், கால் சூடு தணிந்து, மாத்திரையும் முடிந்த பிறகுதான். சுகர் காலில் அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். நாள் கூலி போகிறது என்பது தெரியும். பாதி ஆறிய காயத்தோடு இறங்கினால் அதே கடல் அதே வழியாக மறுபடி புகும், அப்போது படுக்கையில் கிடக்கும் நாட்கள் இன்னும் அதிகம். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இறங்குவதும் வேண்டாம். அரை மணியில் அது ஊறிப் பிரிந்து, உப்புத் தண்ணீரைக் காயத்தோடு சேர்த்துப் பிடித்துவைக்கும்.

திரும்ப இறங்கும்போது சாதாரணச் செருப்பு போதாது. அடி தடித்து, பாதத்தின் மேல்புறத்தையும் மூடும் ரப்பர் ஷூ வேண்டும். விரலில் துணி சுற்றுவதானால் அதன் மேல் கையுறை. கரையேறியதும் கழுவ 2 லிட்டர் நல்ல தண்ணீரும் ஒரு சோப்புத் துண்டும் பையில் இருக்கட்டும். சுகரால் பாதம் மரத்திருந்தால் கீறியதே தெரியாது. அதனால் தினமும் இருட்டுவதற்குள் நீங்களோ வீட்டில் வேறு யாராவதோ அம்மாவின் இரண்டு பாதத்தையும், அடிப்பக்கம், விரல் இடுக்கு உட்பட, வெளிச்சத்தில் பாருங்கள். புதுக் கீறல் இருந்தால் அந்த ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் தேதி, நேரம், ‘கடல்’ என்று எழுதி வையுங்கள். அடுத்த தடவை வரிசையில் நிற்கும்போது டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.